எந்த ஊரு தம்பி? – ஓசூரில் ரூம் தேடிய கதை!

காலை அஞ்சரை மணிக்கு ஓசூரில் என்றைக்காவது டீ குடித்திருக்கிறீர்களா?

ஒரு தடவை குடித்துப் பாருங்கள். பாகலூர் ரோடு முனையில் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி வரும். முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் கழுத்தில் ஐ.டி. கார்டோடு ஏறுவார்கள். நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் பாதித் தூக்கத்தில் இறங்குவார்கள். டீக்கடை அண்ணன் தெலுங்கில் சில்லறை கேட்பார், தமிழில் திட்டுவார், கன்னடத்தில் குசலம் விசாரிப்பார். 'பையா, தோ சாய்' என்று குரல் வந்தால் இந்தியிலும் கணக்கு சொல்வார். எங்க காலேஜில் ஒரு லாங்வேஜ் பேப்பரை பாஸ் பண்ணவே நாக்கு தள்ளுது. இவர் நாலு பேப்பரை ஒரே கிளாஸில் ஆற்றுகிறார்!

அப்படி ஒருநாள் நின்றபோதுதான் அந்த டவுட் வந்தது. இத்தனை பேருக்கும் இந்த ஊரில் வேலை இருக்கு, சரி. இத்தனை பேரும் எங்கே தூங்குகிறார்கள்?

பதிலைத் தேடி நான் ரொம்ப அலையவில்லை. கொஞ்ச நாளில் நானே அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் ஆகிவிட்டேன். ட்ரிபிள் ஈ, மூன்றாம் வருஷம். ஹாஸ்டல் சாம்பாரோடு ரெண்டு வருஷம் நடத்திய போரில் தோற்று, ரெண்டு ஃப்ரெண்ட்ஸோடு வெளியே ரூம் தேடிக் கிளம்பினேன். காமெடியாகத்தான் ஆரம்பித்தது...

மூணு கேள்வி!

ஓசூரில் டு-லெட் போர்டு தொங்காத தெரு கிடையாது. மூக்கண்டப்பள்ளி, சின்ன எலசகிரி, ஹட்கோ, மத்திகிரி என்று பைக்கில் ஒரு ரவுண்டு வந்தால் போதும். ஆனால் போர்டுக்குப் பின்னால் இருக்கிற கதவு திறந்ததும் மூணு கேள்வி வரும்.

"எந்த ஊரு தம்பி?"

"ஃபேமிலியா, பேச்சிலரா?"

"கவிச்சி சமைப்பீங்களா?"

ரெண்டாவது கேள்விக்கு, "எங்களுக்கும் ஃபேமிலி இருக்கு ஆன்ட்டி... ஊர்ல!" என்று ஒரு தடவை கடி ஜோக் அடித்தோம். கதவு சாத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு 'முட்டை மட்டும்' என்று சமாதான உடன்படிக்கை போட்டுப் பார்த்தோம். எடுபடவில்லை. முதல் கேள்விதான் இருப்பதிலேயே ஆபத்தானது. பார்த்தால் சாதாரண விசாரிப்பு மாதிரி இருக்கும். ஊர் பேர் சொன்னால் அப்பா பேர், அப்பா பேர் சொன்னால் தெரு பேர் என்று வளர்ந்து, கடைசியில் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்காமலே கேட்டு முடித்திருப்பார்கள்.

எங்க செட்டோ ஒரு மினி இந்தியா. நான் சேலம் பக்கம். ஒருத்தன் ராயக்கோட்டை, வீட்டில் தெலுங்கு. மூன்றாமவன் பாட்னா. ஒரு வீட்டில், "நீங்க ரெண்டு பேரும் ஓகே. அந்த இந்திப் பையன் வேணாம்" என்றார்கள். அடுத்த தெருவில் அப்படியே உல்டா! "எங்களுக்கு இந்திப் பசங்கதான் வசதி. வாடகை கரெக்டா வந்துடும். தமிழ்ப் பசங்கன்னா கலாட்டா." பாட்னாக்காரன் எங்களைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான் பாருங்க... செமஸ்டர் முழுக்க மறக்காது.

பதினோரு வீடு. பதினோரு 'சொல்லி அனுப்பறோம்'.

பேரிலேயே இருக்கு பாஸ்!

இதில் பெரிய காமெடி என்ன தெரியுமா? 'எந்த ஊரு?' என்று கேட்கிற இந்த ஊரின் பேரே 'புது ஊர்'! கன்னடத்தில் 'ஹொச' என்றால் புது. ஹொச ஊரு... ஓசூர். பழைய கல்வெட்டுகளில் இதன் பெயர் செவிடபாடி. முன்னால் சேலம் மாவட்டம், 1965-ல் தர்மபுரி மாவட்டம், 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று ஊரே மூணு வீடு மாறியிருக்கிறது. 2019-ல்தான் மாநகராட்சி.

தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது எல்லாம் இங்கே தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிற மொழிகள். 1971-ல் சிப்காட் நிறுவனம் உருவாகி, பிறகு இங்கே தொழிற்பேட்டை வந்தது. எண்பதுகளில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் இங்கே உற்பத்தியை ஆரம்பித்தன. தர்மபுரி, சேலம், திருவண்ணாமலை என்று ஐ.டி.ஐ. முடித்த பசங்க பெட்டியோடு வந்து இறங்கினார்கள். 2021-ல் ஓசூரில் ஏதர், இதே மாவட்டத்தில் போச்சம்பள்ளி பக்கம் ஓலா என்று எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள். தேன்கனிக்கோட்டை பக்கம் செல்போன் பாகங்கள் செய்கிற டாடா எலெக்ட்ரானிக்ஸ். இப்போது பெட்டியோடு வந்து இறங்குவது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம்.

இது வேலைக்கு வருகிறவர்களின் கதை. தூங்க மட்டும் வருகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. பெங்களூரு இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். எலெக்ட்ரானிக் சிட்டி அதைவிடப் பக்கம். அங்கே பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற வழக்கத்துக்குப் பயந்து, வேலையை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு தலையணையை இந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள்.

எங்க எதிர் போர்ஷன் அண்ணன் அப்படித்தான். தேனிக்காரர், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஓசூர், ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று தினமும் அதே ரோடு. சில நாள் ரயிலில் ஹீலலிகே வரைக்கும் போய் அங்கிருந்து ஆட்டோ. "2016 செப்டம்பர்ல காவிரி கலவரம் வந்துச்சுல்ல... பெங்களூர்ல தமிழ்நாட்டு பஸ்ஸையெல்லாம் கொளுத்தினாங்க. பஸ் நின்னு போச்சு. அத்திப்பள்ளியிலிருந்து பையைத் தலைல வெச்சுட்டு நடந்தே பார்டர் தாண்டினேன். 2020 லாக்டவுன்ல இ-பாஸ். காலைல ஒரு ஸ்டேட், ராத்திரி ஒரு ஸ்டேட் தம்பி. ரெண்டுலயும் நான் வெளியூர்க்காரன்தான்!" என்கிறார்.

அவர் வீட்டு அக்கா பொம்மசந்திராவில் கார்மென்ட்ஸ் வேலை பார்க்கிறார். 2021-ல் தொடங்கிய திட்டப்படி நம்ம டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2023-ல் கர்நாடகமும் 'சக்தி' திட்டம் கொண்டுவந்தது. ஆனால் அது கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். அக்காவின் ஆதாரில் இருப்பதோ தேனி. "பார்டர் தாண்டினா நான் பொம்பளையே இல்லையா தம்பி?" என்று அவர் கேட்டபோது சிரித்தோம். யோசித்தால் சிரிப்பு வரவில்லை. அக்கா டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு பண்ணுவது ஆதாரில் இருக்கிற ஒரு வரி முகவரி!

2025 ஆகஸ்ட்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் லைன் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஓசூருக்கும் நீளும் என்று பேச்சு கிளம்பியது. இங்கே என் ட்ரிபிள் ஈ மூளை கொஞ்சம் விழித்துக்கொண்டது. பெங்களூரு மெட்ரோ தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்றாவது ரெயிலிலிருந்து 750 வோல்ட் டி.சி. எடுக்கிறது. சென்னை மெட்ரோ தலைக்கு மேல் கம்பியிலிருந்து 25 கிலோவோல்ட் ஏ.சி. ஓசூர் லைனுக்கு இந்த வித்தியாசமே ஒரு பெரிய தடையாகப் பேசப்பட்டது. ஆக, ரயில் இன்னும் வரவில்லை. ஆனால் 'மெட்ரோ வரப்போவுது தம்பி' என்று சொல்லி எங்களிடம் வாடகையைக் கூட்டிக் கேட்ட ஓனர்கள் மட்டும் மூணு பேர்!

நிலைக்கதவில் நாலு கோடு

பன்னிரண்டாவது வீடு க்ளிக் ஆனது. ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு போர்ஷன். ஹவுஸ் ஓனர் அய்யா அறுபதைத் தாண்டியவர், கம்பெனியில் ரிடையர் ஆனவர். மூணு கேள்வியும் கேட்டார். பாட்னாக்காரனைப் பார்த்து, "பரவால்ல... வாடகை ஒண்ணாந்தேதி வந்துடணும்" என்று முடித்துக்கொண்டார். மாசம் 7,500. ஆளுக்கு 2,500. அட்வான்ஸ் 50,000. 'மொதல்ல பத்தாயிரம் குடுங்க, மீதியை மாசக் கடைசியில பாத்துக்கலாம்' என்றதும் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

முதல் நாள் ராத்திரி, சமையல்கட்டு நிலைக்கதவில் பாட்னாக்காரன் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பென்சில் கோடுகள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக நாலு. பக்கத்தில் வட்ட வட்டமான எழுத்தில் ஏதோ குறிப்பு. "ஒடியா எழுத்துடா" என்றான். ஏதோ ஒரு குழந்தையை நிற்க வைத்து உயரம் குறித்திருக்கிறார்கள்.

மறுநாள் எதிர் போர்ஷன் அக்காவிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒடிசா ஃபேமிலி. மூணு வருஷம் இருந்தாங்க. 6,000 வாடகை. பசங்க வந்தா 7,500 தருவாங்கன்னு அய்யா காலி பண்ணச் சொல்லிட்டாரு."

பசங்க என்றால்... நாங்கதான்!

பதினோரு கதவு சாத்தியபோது 'எங்களைப் போல பாவப்பட்ட ஜீவன் உண்டா' என்று ஸ்டேட்டஸ் போட்டவன் நான். பன்னிரண்டாவது கதவு திறக்க, உள்ளே இருந்த ஒரு குடும்பம் வெளியே போயிருக்கிறது. மூணு பேர் ஷேர் பண்ணினால் ஒரு குடும்பத்தால் தர முடியாத வாடகையைத் தர முடியும். சிம்பிள் கணக்கு. அந்தக் கணக்கில் நாங்கள் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைத்தான் யோசிக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு போனேன். ரெண்டு தெரு தள்ளி, ஷீட் போட்ட ஒற்றை ரூம். அப்பா காஸ்டிங் யூனிட் ஒன்றில் வேலை பார்க்கிறார். அஞ்சு கிலோ சிலிண்டரில் அம்மா சமைத்துக்கொண்டிருந்தார். முகவரிச் சான்று கேட்காமல் ஐ.டி. மட்டும் வாங்கிக்கொண்டு தருகிற சிலிண்டர் அதுதான். பாட்னாக்காரனைக் கூட்டிப் போகாமல் வந்துவிட்டோமே, எப்படிப் பேசுவது என்று முழித்தேன். ஏழு வயசுப் பையன் ஒருத்தன் முன்னால் வந்து, பக்கா தமிழில், "யாருண்ணா வேணும்?" என்றான். அரசுப் பள்ளியில் ரெண்டாம் கிளாஸ். அவன்தான் அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர்.

கதை இதுதான். கொடுத்த அட்வான்ஸ் 30,000. ரொக்கம். ரசீது இல்லை, அக்ரிமெண்ட் இல்லை. திரும்பி வந்தது 18,000. 'நோட்டீஸ் தராம காலி பண்ணினதுக்கு ஒரு மாச வாடகை' என்று 6,000 பிடித்தம். காலி பண்ணச் சொன்னதே ஓனர்! மீதி 6,000, பெயிண்டிங் செலவு.

எனக்குச் சுரீர் என்றது. பெயிண்ட் அடித்திருந்தால் அந்தப் பென்சில் கோடு எப்படி இருக்கும்?

போனில் எடுத்து வைத்திருந்த போட்டோவைக் காட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பையன் மட்டும் போனைப் பிடுங்கி, ஜூம் பண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "என் கோடு இன்னும் இருக்காண்ணா?"

'நம்பிக்கை இல்லையா தம்பி?'

அய்யாவிடம் போய்க் கேட்டேன். முதலில், "ஒங்களுக்கு எதுக்கு தம்பி அந்தக் கதை?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்காரச் சொன்னார். "1983-ல நான் இங்க வந்தப்போ ஒரே ரூம்ல ஆறு பேரு. ஓனரம்மா தெலுங்கு பேசறவங்க. எங்களை என்ன ஆளுங்கன்னு கேக்கல. எந்தக் கம்பெனின்னுதான் கேட்டாங்க. அந்தம்மா என்கிட்ட அட்வான்ஸே வாங்கல." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போ இந்த வாடகைதான் எனக்குப் பென்ஷன். நானும் என்ன பண்றது?"

வில்லன் இல்லை அவர். அதனால்தான் இது கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் 6,000 திரும்பி வரவில்லை. 'பாக்கலாம்' என்றார். ரெண்டு மாசம் ஆகிறது. ரசீது இல்லாத காசுக்கு அதிகாரியிடம் போய் நின்றாலும், 'கொடுத்ததுக்கு என்ன ஆதாரம்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

அன்றைக்கு ராத்திரி மூணு பேரும் உட்கார்ந்து வாடகைச் சட்டத்தைப் படித்தோம். எக்ஸாமுக்குக்கூட அவ்வளவு படித்ததில்லை! ஃப்ரெண்ட்ஸ், இதைக் கொஞ்சம் கவனமா படிங்க. சிலபஸ்ல இல்லாத, ஆனா கண்டிப்பா வரப்போற கேள்வி.

தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்பகுதிகளில் வாடகை என்றால் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யவேண்டும். அரசின் இணையதளம் வழியாகவே செய்யலாம். '11 மாசம்தானே, பதிவு தேவையில்லை' என்று இன்னும் சொல்வார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் போடுகிற குத்தகையைப் பத்திரப் பதிவு செய்யவேண்டும் என்ற பழைய விதிக்காக வந்த பழக்கம் அது. இந்தச் சட்டத்தில் அந்தச் சாக்கு செல்லாது.

அட்வான்ஸ்? மூணு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. எங்க கணக்கில் 22,500. ஆனால் ஒரு கொக்கி இருக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். அதனால் படிக்காமல் போடாதீங்க! காலி பண்ணிய ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் தந்துவிடவேண்டும். தகராறு வந்தால் தண்ணீரையும் கரண்ட்டையும் கட் பண்ணுகிற வேலை கூடவே கூடாது. லேடீஸ் ஹாஸ்டல் தேடுகிற தோழிகளுக்கு ஒரு வார்த்தை: 2014 சட்டப்படி அந்த ஹாஸ்டலுக்கு லைசென்ஸ் இருக்கவேண்டும். ரூமைப் பார்க்கும் முன்னால் அதைப் பார்த்துடுங்க.

ஏன் ஒரு பேப்பருக்கு இவ்வளவு பில்டப் என்கிறீர்களா? ஆதாரில் முகவரி மாற்றவும், பேங்குக்கும், கேஸுக்கும் அது வேண்டும். 2025 டிசம்பரில் தமிழ்நாட்டு வாக்காளர் வரைவுப் பட்டியல் வந்தபோது, சுமார் 66 லட்சம் பெயர்கள் 'இடம் மாறியவர்கள்' என்று சொல்லி நீக்கப்பட்டிருந்தன. வீடு மாறுகிறவன் எத்தனை விதமாகக் காணாமல் போகலாம் என்று அதில் தெரிகிறது. பேப்பர் இருக்கிறவன் குடியிருக்கிறான். இல்லாதவன் தங்கியிருக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

யூனிட்டுக்குப் பத்து ரூபாய் ஏன்?

அடுத்த சண்டை கரண்ட் பில். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய். 'கொள்ளை!' என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி உண்மை வேறு இடத்தில் இருக்கிறது.

வீட்டு இணைப்புகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ. 2016-ல் வந்த சலுகை. ஆனால் அது ஆளுக்கு இல்லை, இணைப்புக்கு. எங்க காம்பவுண்டில் ஆறு போர்ஷனுக்கும் ஒரே இணைப்பு. ஒரு போர்ஷன் ரெண்டு மாசத்தில் 120 யூனிட் என்று வையுங்கள். தனித்தனி இணைப்பு என்றால் ஆளுக்கு 20 யூனிட்டுக்குத்தான் பில். ஒரே இணைப்பில் மொத்தம் 720. ஃப்ரீ நூறு போக 620 யூனிட்டுக்கு பில். 500-ஐத் தாண்டுவதால் ரேட்டும் எகிறும். இலவசம் ஒரு போர்ஷனுக்குப் பதினாறு, பதினேழு யூனிட்தான்! குறைவாக எரிக்கிற ஆறு குடும்பம், ஒரு மீட்டர் முன்னால் ஒரு பெரிய பணக்காரக் குடும்பமாகிவிடுகிறது.

இதை பேப்பரில் வரைந்து அய்யாவிடம் காட்டினேன். சண்டை போட்டிருந்தால் விரட்டியிருப்பார். கணக்கு என்றதும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்டு மனு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுக்கும் வேலை... வேறு யாருக்கு? எனக்குத்தான்!

கடைசியில் அக்ரிமெண்ட் பேச்சு. "என் மேல நம்பிக்கை இல்லையா தம்பி?" என்றார். "இருக்கு அய்யா. இல்லாதவங்ககிட்ட பேப்பர் வாங்கியும் பிரயோஜனம் இல்லையே" என்றேன். பதில் பேசவில்லை. மூணு மாசத்துக்கு இறங்கி வர மறுத்துவிட்டார். 40,000-ல் வந்து நின்றது. சட்டம் படித்தும் முழுசா ஜெயிக்கல பாஸ்! ஆனால் முன்னால் தந்த பத்தாயிரம் உட்பட ஒவ்வொரு ரூபாயும் போன் வழியாகப் போனதுக்குப் பதிவு இருக்கிறது. பேப்பர் ஆன்லைனில் பதிவாகிவிட்டது. அதில் நாங்கள் அடம்பிடித்துச் சேர்த்த ஒரு வரியும் இருக்கிறது: பெயிண்டிங் செலவைப் பிடித்தால் பில் காட்டவேண்டும்.

போன ஞாயிறு அந்தப் பையனைக் கூட்டி வந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் நிலையில் ஒட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாட்னாக்காரன் தலையில் ஸ்கேல் வைத்தான். அஞ்சாவது கோடு. தேதியை அவனே தமிழில் எழுதினான்.

ஜன்னல் வழியாகப் பார்த்த அய்யா, "செவுத்தையெல்லாம் கிறுக்கறீங்களே... காலி பண்றப்போ பெயிண்ட் யாரு அடிக்கறது?" என்றார்.

மூணு பேரும் ஒரே குரலில் சொன்னோம்: "பில் காட்டுங்க அய்யா!"